லொறிக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர்

கொழும்புக்கு லொறி அனுப்புகிற வேலையில் என் பேரன் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. காதில் ஒரு போன், கையில் ஒரு போன். எந்த லொறி எங்கே நிற்கிறது, அதில் எதை ஏற்றுவது, திரும்பும்போது எதைக் கொண்டு வருவது என்று நாள் முழுக்கக் கத்துகிறான். கஷ்டமான வேலையாம். இருக்கட்டும். நான் அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. படிப்புத்தான் ஏறவில்லையே தவிர, நான் வந்து நின்றால்தான் லொறி நகரும்.

கொக்குவிலில் எங்கள் பக்கத்து வளவு சின்னம்மாவுடையது. சித்தப்பாவிடம் இரண்டு லொறிகள் இருந்தன. வெங்காயமும் புகையிலையும் கொழும்புக்குப் போகும்; மாவும் சீனியும் திரும்பி வரும். ஒருநாள் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் இருந்தபடியே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவருடைய தமையன் வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"பொம்பிளை லொறி அனுப்பேலாது. ரெண்டையும் என்ரை வளவிலை கொண்டுவந்து விடு."

சின்னம்மா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "ஒரு லோட்டு வெங்காயமாவது இஞ்சை கிடந்து அழுகினால் கொண்டு போங்கோ, அத்தான்."

அப்படித்தான் தொடங்கினார். யார் தோட்டத்தில் வெங்காயம் கிண்டியாகிவிட்டது, கொழும்பில் எந்தக் கடைக்கு எழுதினால் திரும்பி வர மா கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா முற்றத்தில் நின்று கத்தியதைக் குசினியில் இருந்தே கேட்டுப் படித்த படிப்பு.

முதல் நாள் விடிய லொறி புறப்படும்போது, ஏற்றிய சரக்கை எழுதிய லோட்டுத் துண்டோடு படலையடிக்கு வந்தார். றைவர் அண்ணை சித்தப்பாவோடு நெடுங்காலம் இருந்தவர். நல்ல மனிதர், பயந்த மனிதர். சின்னம்மாவின் வெள்ளைச் சேலையைக் கண்டதும் இஞ்சினை நிற்பாட்டி, இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மரத்தடியில் குந்திவிட்டார்.

"முழுவியளம் சரியில்லைத் தங்கச்சி. கோவிக்காதையுங்கோ."

புறப்படும்போது எதிரில் வருகிற முகந்தான் முழுவியளம். புருஷன் செத்தவளின் முகம் அதற்கு ஆகாது. அன்று லொறி போக வெயில் ஏறிவிட்டது. பார்க்கவென்று விடியவே வந்து கதிரையில் இருந்த தமையன் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட்டார்.

அடுத்த பயணம் தொடக்கம் எனக்கு வேலை. தலை வாரி, பூ வைத்து, பொட்டு வைத்து, கையில் செம்பு நிறையத் தண்ணீர். லொறிக்கு எதிரே நான் நடந்து வரவேண்டும். சின்னம்மா கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று, "சிரியடி... செம்பைச் சரிக்காதை" என்று குசுகுசுப்பார். நான் சிரிப்பேன், லொறி போகும். எனக்குத் தோடம்பழ இனிப்பு ஒன்று கிடைக்கும்.

ஒரு மாதத்தில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. கொழும்பே என் செம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று நினைத்தேன். சிவப்பு ரிப்பன் கேட்டேன். "பிறகு பாப்பம்" என்றார் சின்னம்மா. அடுத்த பயணத்தன்று விடிய நான் கொய்யா மரத்தில் ஏறிவிட்டேன். வேலைநிறுத்தம் என்ற சொல் தெரியாது, செய்யத் தெரிந்தது.

அன்றைக்கென்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லொறி நிறைய வெங்காயம். மேலே கட்டிய படங்கில் இரண்டு ஓட்டை. நனைந்தால் அவ்வளவும் அழுகும்.

"இறங்கடி. ரிப்பன் வேண்டித் தாறன்."

"இப்ப வேணும்."

"கடை திறக்கேல்லை, மூதேவி!"

"அப்ப நான் இறங்கன்."

கதிரையில் இருந்தவருக்கு நல்ல சந்தோஷம். "அவள் ஆறுதலா இறங்கட்டும். லொறி நிண்டால் எனக்கென்ன குறை?"

சின்னம்மா வேலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். படலையை அகலத் திறந்தார். லொறிக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"அண்ணை, பிள்ளை வரமாட்டாளாம். நான்தான் நிக்கிறன். போறதெண்டால் போங்கோ."

றைவர் அண்ணை அவரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார். சின்னம்மா விலக, லொறி நகர்ந்தது. படலைக் கப்பு ஒன்று முறிந்தது, நாலு முழ வேலி அப்படியே விழுந்தது. தெருவில் ஏறிய பிறகுதான் மனிதர் கண்ணைத் திறந்தார். நான் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்து, சிரிப்பில் கொப்பை விட்டுவிட்டு விழப் பார்த்தேன்.

"முழுவியளம் வாசலிலையே காட்டிப்போட்டுது" என்று வேலியைக் காட்டினார் கதிரைக்காரர்.

நாலு நாள் சின்னம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தெருவில் எந்த லொறிச் சத்தம் கேட்டாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். நாலாம் நாள் பின்னேரம் லொறி வந்தது, கூரை முட்ட மா மூட்டையோடு.

"வழியிலை என்ன நடந்தது?" என்று ஆவலோடு கேட்டார் சித்தப்பாவின் தமையன்.

"என்ன நடக்கிறது? மாங்குளத்திலை ஒரு தேத்தண்ணி குடிச்சன். சீனி காணாது."

அவர் கதிரையை மடக்கிக்கொண்டு போனார். நான் பயந்துபோய், அடுத்த பயணத்துக்கு ரிப்பன் கேட்காமலே பூவும் செம்புமாக வந்து நின்றேன். றைவர் அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, நீ போய்ப் படு. பச்சைப் பிள்ளையை ஏன் வெள்ளண எழுப்புறியள், தங்கச்சி? நீங்களே நில்லுங்கோ."

சின்னம்மா போய் நின்றார். அன்று றைவர் அண்ணை ஒரு கண்ணை மட்டுந்தான் மூடினார். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

லொறி போனதும் நான் செம்பைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். பார்த்தால், படலையைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவும் அழுதுகொண்டிருந்தார். என் வேலை போனது அவரையும் அவ்வளவு வருத்திவிட்டதே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. கிட்டப் போய்ச் சேலைத் தலைப்பை இழுத்தேன்.

"அழாதையுங்கோ, சின்னம்மா. உவர் வேண்டாம். நாங்கள் வேறை றைவரைப் பிடிப்பம்."