வெர்லின் ஸ்டாம்பர் கத்தி மாற்றியது

எங்கள் கடையில் கத்திகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் சாவி பத்தொன்பது வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. மாட்டுத் தீவனம், வேலிக்கம்பி, ஆணி, வசந்தகாலம் வந்தால் கோழிக்குஞ்சு என்று எல்லாம் விற்கிற கடை. கென்டக்கியின் கிழக்கு மலைப்பக்கத்தில் இதை விட்டால் அடுத்த கடைக்குப் பதினெட்டு மைல் போக வேண்டும். அதனால் இந்த ஊரில் யார் பேன்ட் பையில் எந்தக் கத்தி இருக்கிறது என்பது எனக்கு ஏறக்குறைய தெரியும். வெர்லின் ஸ்டாம்பரின் பையில் இருந்தது டாக்கெட்.

டாக்கெட் கம்பெனியின் மஞ்சள் பிடி போட்ட மடக்குக் கத்தி. மூன்று அலகு. பெரியது கயிறு அறுக்கவும் ஆப்பிள் நறுக்கவும். நடுவிலிருப்பது காளைக்கன்றுகளுக்குக் காயடிக்க மட்டும். சின்னது கையில் ஏறிய முள்ளை எடுக்க. எதை எதற்கு என்பதில் அவர் மாற மாட்டார். அவர் அப்பாவும் டாக்கெட்தான் வைத்திருந்தார். வெர்லின் தன் காலத்தில் இரண்டு கத்திகளைத் தீட்டித் தீட்டி ஈர்க்குச்சி போலாக்கிவிட்டு மூன்றாவதில் இருந்தார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கத்திக் கம்பெனியை மாற்றுவது, போகிற சர்ச்சை மாற்றுவது மாதிரி. மாற்றலாம், ஆனால் நாலு பேர் காரணம் கேட்பார்கள்.

அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. முப்பத்து நான்கு மாடுகள் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் மாட்டுச்சந்தையில் மாடுகளைப் பட்டிக்குள் ஓட்டிவிடுகிற வேலையும் பார்த்தார். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. அவர் மனைவி ஒனீடா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தாள். பேச்சை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பி ஷூவில் கால் விடும்போது வெர்லினுக்குப் பக்கவாதம் வந்தது. ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். கால் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, அது முன்பும் அதிகம் இல்லை. இடது கைதான் வரவில்லை. மேலே தூக்குவார், அணைத்துப் பிடிப்பார். விரல்கள் மட்டும் ஒன்றையும் பற்றாது.

டாக்கெட் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பிடியைப் பிடித்து, மறு கையின் நகத்தை அலகில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் கொடுத்து இழுக்க வேண்டும். ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். அப்படி இருப்பதுதான் நல்ல கத்திக்கு அடையாளம் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லி விற்றிருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் அவர் பழையபடி காலை உணவுக் கடைக்கு வரத் தொடங்கினார். கடை திறக்கும் முன் நானும் அங்கேதான் காபி குடிப்பேன். ஜன்னல் ஓரத்துப் பெரிய மேஜையில் ஆறேழு ஆண்கள் உட்கார்ந்து பிஸ்கட் ரொட்டியை வெள்ளைக் குழம்பில் முக்கித் தின்றுகொண்டு ஊரில் நடக்காததை எல்லாம் பேசுவார்கள். நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற டாயில் ஃப்யூகேட் அன்று தபாலில் வந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

"வெர்லின், கத்தி வச்சிருக்கியா?"

"பேன்ட் போட்டிருக்கேன்ல?" என்றார் வெர்லின்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். சொல்லிவிட்டு வழக்கம்போலப் பையில் கைவிட்டுக் கத்தியை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. பிடியை இடது கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார், நழுவியது. மேஜை விளிம்பில் அழுத்தி நகத்தைக் கொடுத்தார். பாதி திறந்து படக்கென்று மூடிக்கொண்டது. பிறகு பல்லில் கடித்து இழுத்தார், வரவில்லை. மேஜையில் யாரும் மெல்லவில்லை.

"குடுய்யா இப்படி," என்று டாயில் கை நீட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

வெர்லின் கத்தியைப் பைக்குள் போட்டார். தட்டில் இருந்ததை முடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாயில் தன் கார் சாவியால் அந்தப் பெட்டியைக் கிழித்தார்.

அந்த வாரமே ஒனீடா கடைக்கு வந்தாள்.

"பெர்ட்டி, ஒத்தக் கையால திறக்குற மாதிரி ஏதாவது கத்தி இருக்கா?"

"நிறைய இருக்கு. ஆனா அவர்தான் வந்து பார்க்கணும். கத்தியும் பல்செட்டும் ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாங்க முடியாது."

"அவன் வர மாட்டான். நான் கேட்டேன்னு தெரிஞ்சா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. மாட்டுக்குக் கயிறு அறுக்க சமையல் கத்திய எடுத்துட்டுப் போறான். என் நல்ல கத்தி, பெர்ட்டி. கோழி வெட்டுறது."

"வரட்டும், விடு."

வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. கல்லாப்பெட்டி அருகே ஒரு பிளாஸ்டிக் கூடையில் மலிவுக் கத்திகளைக் குவித்து வைத்திருப்போம். பெயர் ஊர் எதுவும் இல்லாதவை, பன்னிரண்டு டாலர். அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினார். திறந்தது.

"அது வேண்டாம் வெர்லின். பெட்டியத் திறக்கிறேன், ஒரு நிமிஷம் பாருங்க."

"திறக்குதுல்ல?"

"திறக்கும். திறந்தது அப்படியே நிக்கணும்ல?"

"கயிறுதானே அறுக்கப் போறேன். மரமா வெட்டப் போறேன்?"

நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பெட்டியின் முன்னால் நின்று கத்திகளைத் திறந்து மூடிப் பார்ப்பதில் விருப்பம் இல்லை என்பது தெரிந்தது. பில் போட்டேன்.

பிப்ரவரி நடுவில் கடுங்குளிர் வந்தது. காய்ந்த புல்லைப் பெரிய உருண்டைகளாகச் சுற்றிக் கட்டி வைத்திருப்போமே, அவற்றின் மேல் பனி உறைந்து கயிறும் புல்லும் ஒன்றாக இறுகியிருந்தன. வெர்லின் கத்தியைக் கயிற்றின் அடியில் கொடுத்து மேலே நெம்பினார். அது அறுக்காததால் கத்தியைத் திருப்பி அலகின் முதுகால் பனியைத் தட்டினார். அலகை விரித்தபடி நிறுத்துகிற பூட்டு விட்டுக்கொடுத்தது. அலகு மடங்கி வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இறங்கியது. பதினொரு தையல். நரம்பு தப்பியது என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாது.

ஒரு கை முன்பே இல்லை. இப்போது இன்னொன்றும் கட்டுக்குள். அவருடைய மருமகன் காலையும் மாலையும் வந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டான். மற்றதெல்லாம் ஒனீடா. சட்டைப் பொத்தான், ஸ்பூன், முகச் சவரம், அதற்கு மேலும். அவள் பள்ளியில் லீவு சொல்லியிருந்தாள். உப்பு வாங்க வந்தவளிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"மொத ரெண்டு நாள் வாயையே திறக்கல. கஞ்சி ஊட்டப் போனா செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான், கடன்காரன் வந்த மாதிரி. மூணாம் நாள் நான், 'இதோ ஏரோப்ளேன் வருது, வாயத் திற'ன்னேன். சிரிச்சுட்டான். அந்த நேரம் பாத்து உள்ள விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தின்னான். ஆனா நேத்து ராத்திரி சாப்பாட்டுல அழுதான். சத்தமெல்லாம் இல்ல. தொடைக்கக் கை இல்லையே, அதனால எனக்குத் தெரிஞ்சுது." உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நாப்பது வருஷத்துல நான் அதப் பாத்ததே இல்ல பெர்ட்டி."

அன்று மாலை அந்தப் பிளாஸ்டிக் கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். முதலாளி கேட்டார், சொன்னேன்.

மார்ச் பத்தாம் தேதிவாக்கில் வெர்லின் வந்தார். இந்த முறை சனிக்கிழமை, கடை நிறைய ஆள். நேராகக் கண்ணாடிப் பெட்டி முன்னால் வந்து நின்றார். இரண்டு விரலிலும் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"திற," என்றார்.

ஒரு கையால் திறக்கக்கூடியவை ஏழு இருந்தன. வரிசையாகக் கவுண்டரில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் இருபது தடவை திறந்தார். திறப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிலவற்றில் கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், சிலவற்றில் அலகில் வட்ட ஓட்டை, ஒன்றில் பின்னால் ஒரு கொக்கி. எல்லாம் திறந்தன. மூடுவதில்தான் வேறுபாடு வந்தது. நாலு கத்திகளில் பூட்டை விடுவிக்கக் கட்டைவிரலை உள்ளே அலகு வரும் வழியில் வைத்தாக வேண்டும். அவர் தன் தழும்பைப் பார்த்துவிட்டு அந்த நாலையும் ஒதுக்கினார்.

மீதி மூன்று. ஒவ்வொன்றையும் திறந்து பிடித்து அலகின் முதுகைக் கவுண்டர் பலகையில் ஓங்கித் தட்டினார். ஒன்று லேசாக அசைந்தது. அதையும் நகர்த்தினார். கடையில் ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். டாயிலும் இருந்தார்.

மிஞ்சிய இரண்டும் ஆரெகன் மாநிலத்து ஹால்ஸி கம்பெனியுடையவை. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. பிடியின் இரு பக்கமும் சின்னக் குமிழ். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பின்னுக்கு இழுத்தால் அலகு தானாக ஆடி மடங்கும். விரல் எதுவும் வழியில் இருக்காது.

"என்ன வித்தியாசம்?"

"எஃகுதான். கறுப்புப் பிடி போட்டதுல கெட்டியான எஃகு. தீட்டுனா ரெண்டு மாசம் கூர் நிக்கும். வெல ரெண்டு மடங்கு."

"தீட்ட எவ்வளவு நேரம்?"

"நல்ல கல்லுல, ரெண்டு கையால, ஒரு மணி நேரம்."

"அது?"

"அது மெது. வாரம் ஒருதரம் தீட்டணும். பத்து நிமிஷம் போதும்."

"சாணைக்கல்லப் பலகையில வச்சு நகராம நாலு பக்கமும் சட்டம் அடிச்சுட்டேன். ஒத்தக் கையால பத்து நிமிஷம் தீட்டுவேன். ஒரு மணி நேரம் முடியாது." மெது எஃகுக் கத்தியை எடுத்தார். "இதுல கறுப்பு இருக்கா?"

"இல்ல. வரவழைக்க ஆறு வாரம் ஆகும். இப்ப இருக்குறது இந்த ஒண்ணுதான்."

அது கத்திரிப்பூ நிறம். யாரோ பெண்களுக்கென்று ஆர்டர் போட்டு, இரண்டு வருடமாக விற்காமல் கிடந்தது.

"ஆறு வாரத்துல மாடு பட்டினி கெடக்கும்," என்று சொல்லிப் பணத்தைக் கவுண்டரில் வைத்தார்.

டாயிலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "யோவ் வெர்லின், ஒனீடாகிட்ட அதுக்குப் பொருத்தமா ஒரு கைப்பையும் இருக்கும், கேட்டுப் பாரு."

கடை சிரித்தது. வெர்லின் கத்தியை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். வேகம் அதற்குள் வந்துவிட்டது.

"கைப்பையா? கேக்குறேன். உன் வாய அதுல போட்டு மூட எடம் இருக்குமான்னும் கேக்குறேன்."

அவர் அப்படி ஒருத்தரைத் திருப்பிக் கிண்டலடித்து நான் கேட்டது அப்போதுதான். டாயில்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிறகு வெர்லினின் தீவன மூட்டைகளை, யாரும் கேட்காமலே, வண்டியில் ஏற்றிவிட்டார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாட்டுச்சந்தை வேலைக்கு அவரைத் திரும்ப எடுக்கவில்லை. பட்டிக்குள் ஓட இரண்டு கையும் நம்பகமான காலும் வேண்டும். மாடுகளில் பாதியை விற்றார். கன்றுகளுக்குக் காயடிக்க இப்போது கால்நடை டாக்டர் வருகிறார், வெர்லின் வேலியில் சாய்ந்து நின்று பார்க்கிறார். காலை உணவுக் கடை மேஜையில் பெட்டி பிரிக்க யாராவது கத்தி கேட்டால் முதலில் நீட்டுகிறவர் மட்டும் அவர்தான்.

ஏப்ரலில் ஒருநாள் மாடு நக்கும் உப்புக்கட்டிகளை இறக்க அவர் நிலத்துக்குப் போனேன். மேட்டின் மேல் அவர் புல் உருண்டை பக்கத்தில் நின்றிருந்தார், சுற்றிலும் மாடுகள் முட்டிக்கொண்டிருந்தன. இடது முழங்கையால் ஒரு கிடாரியைத் தள்ளி நிறுத்தினார். கத்தியை எடுத்தார், வரிசையாக நாலு கயிறு அறுத்தார், குமிழை இழுத்துத் தொடையில் தட்டி மடக்கிப் பைக்குள் போட்டார், அறுத்த கயிறுகளை உருவிப் பல்லில் கவ்விக்கொண்டார். பிறகு தோளைக் கொடுத்து உருண்டையைச் சரிவில் தள்ளிவிட்டார். அது அவிழ்ந்துகொண்டே இறங்க, மாடுகள் பின்னாலேயே ஓடின.

என்னை அவர் பார்க்கவில்லை. கட்டிகளைக் கேட் ஓரம் இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். வீட்டு முன்னால் ஒனீடா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சோள ரொட்டி போட்டிருக்கேன், இரு, தின்னுட்டுப் போ," என்றாள்.

கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, ஒரு துண்டைத் தாளில் சுற்றி வண்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். நல்ல சூடு. பெரிய ரோட்டுக்கு வரும் வரை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினேன்.