லேரிங் தாண்டும் வரை

என் வீட்டுக்காரர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவருக்கென்றே சொன்னது. "கரையான்சாவடி, ஆவடி, ஆவடி!" என்று கூவினால் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கூட ரோட்டைத் தாண்டி வந்து ஏறுவார். அந்தக் குரல் போன வருஷம் கம்மிவிட்டது. மிளகு, தேன், கஷாயம் எதற்கும் சரியாகவில்லை. ஆட்கள் அடுத்த வண்டியில் ஏறினார்கள். கடைசியில் நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

தொண்டைக்குள் குரல்நாணில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பழைய குரல் வருமா என்று கேட்டேன்.

"எடுத்த பிறகுதான்மா சொல்ல முடியும்."

அதற்கு முன் டெஸ்ட், ஸ்கேன் என்று டாக்டர் அறை வாசலில் காத்துக் கிடந்தோம். கதவுக்கு மேலே முழ நீளத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர். காது மூக்கு தொண்டை என்று எழுதினால் கை வலிக்குமா என்று எனக்கு எரிச்சல். போனில் போட்டுக் கேட்டேன். அது சொன்னதை விரல்விட்டுப் பிரித்தேன். ஓ-டோ, ரை-னோ, லே-ரிங், கா-ல-ஜி. ஓடோ காது, ரைனோ மூக்கு, லேரிங் தொண்டை. மிச்சம் படிப்பாம்.

"இன்னாமே இது, ஒரே பேர்ல நாலு ஸ்டாப்பு கீது?" என்றார் வீட்டுக்காரர், கரகரத்துக்கொண்டு.

"ஸ்டாப்பு கூவறதுதானே உன் தொழிலு? கூவுய்யா, பாக்கலாம்."

ஓடோ வரும், ரைனோ வரும். லேரிங்கில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வரும். "என் தொண்டை அங்கதான்மே மாட்டிக்கினு கீது" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சத்தம் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் சொல்லும்வரை வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் எல்லாம் சைகைதான். கோபம் வந்தால் தட்டைத் தட்டுவார். அதற்குப் பதில் சொல்லி எனக்குத்தான் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

பேசலாம் என்ற நாளும் வந்தது. "ஏதாவது சொல்லுங்க" என்றார் டாக்டர். என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மனிதர் அந்தப் பெயர் மாட்டியிருந்த கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஓ... டோ... ரை... னோ..."

நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"லே... ரிங்."

மெல்லிசாகத்தான். ஆனால் உடையவில்லை.

இன்றைக்கு அவ்வளவு போதும் என்று டாக்டர் கை காட்டினார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"மிச்சத்த நீ சொல்லுமே."

அந்தப் பெயர் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாயைத் திறந்தேன். எனக்குத்தான் குரல் வரவில்லை.