ஆபீஸ் காலி

அந்தச் சின்னக் கடற்கரை ஊரில் அவளுக்குப் பதட்டக்கா என்று பெயர். நில அளவைக்காரர் ஒருவரின் ஆபீசில் இருபத்தேழு வருஷமாகக் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ரகம். போன் இரண்டு தரம் அடித்தால் போதும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிடுவாள். அவள் கணவர் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். "நீ பயப்படாம இருந்தாத்தான்டி எனக்குப் பயமா இருக்கு" என்று கேலி செய்து செய்து அந்த மனிதருக்கே அலுத்துவிட்டது.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, உப்புக்காற்றில் துருவேறிய நாலு பீரோ, சுவர் முழுக்க அளவுப் புத்தகங்கள். யாருடைய வேலி எங்கே முடிகிறது, யாருடைய சுவர் யார் மனைக்குள் ஒரு முழம் நுழைந்திருக்கிறது என்பதெல்லாம் அவற்றில் அளவைக்காரரின் கையெழுத்தில் இருந்தது. நகல் கிடையாது. இத்தனை அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளாமல் ஊர் ஓடுவதே அந்தப் புத்தகங்களால்தான் என்று அவள் நினைத்தாள். ரொம்ப மிகையும் இல்லை.

கட்டடத் தூணில் விரிசல் விட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அளவைக்காரர் நகரத்து ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். போனில் சொன்னார்: "காலி பண்ணிடுங்கம்மா. மருந்துக்கடை மாடிய பேசிட்டேன். நல்ல ஆளா பாத்து வண்டி புடிங்க."

நல்ல ஆளுக்கு எங்கே போவது? அந்த ஊரில் வீடு மாற்றுகிறவர்கள் மச்சான்களைக் கூப்பிட்டே வேலையை முடித்துக்கொள்வார்கள். ஆபீஸ் மாற்றித் தருவதற்கென்று ஒரு கம்பெனி உண்டா என்பதே அவளுக்குத் தெரியாது. போனில் தேடினாள். நகரத்துக் கம்பெனி ஒன்று, லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு வருவதில்லை என்றது. இன்னொன்று அடுத்த மாசம் வருகிறேன் என்றது. உள்ளூரில் இருந்தது ஒரே மினிலாரி, மீன் பெட்டி ஏற்றுவது. அதன் தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்ததுமே அவளுக்கு மை கரைந்து ஓடுகிற மாதிரி இருந்தது. கடைசியாக ஒரு நம்பரில் பாந்தமான பெண் குரல்.

"ஆபீஸ் காலி பண்ணணுங்க" என்றாள் இவள்.

"எங்க வேலையே அதுதாம்மா. முழுசா காலி பண்ணிக் குடுத்துடுவோம்."

"பேப்பர்தான் நிறைய. ஒண்ணுகூட வேற ஆள் கையில சிக்கிடக் கூடாது."

"ஒரு துண்டு வெளிய போகாது. நாங்க பொறுப்பு."

அன்றைக்கு இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் மூன்று பேர் வண்டியோடு வந்தார்கள். அவள் எண் போட்டு அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தாள். அவர்கள் சாக்குகளை உதறினார்கள்.

"பெட்டி இருக்கேங்க" என்றாள்.

"சாக்குதாம்மா வசதி" என்றார் டிரைவர்.

புத்தகங்களை அள்ளி அள்ளித் திணித்தார்கள். புது இடத்து முகவரியை எழுதி நீட்டினாள். டிரைவர் படிக்காமலேயே மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். கணவருக்குப் போன் போட்டாள்.

"சாக்குல திணிக்கிறாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"உனக்கு எப்பதான் என்னமோ மாதிரி இல்ல? அவங்க வேலைய அவங்க பாக்கட்டும், விடு."

நியாயம்தானே என்று தோன்றியது. ஆயுசில் ஒரு தடவையாவது பயப்படாமல் இருந்து பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டாள். பத்தொன்பது மூட்டை ஏறியது. பீரோக்களுக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருந்துக்கடை மாடியைப் பெருக்கிவிட்டு ஜன்னலோரம் நின்றாள். பத்து நிமிஷத் தூரம். அரை மணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. டிரைவரைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆலையிலம்மா. மெஷின்ல விட ஆரம்பிச்சாச்சு."

"எந்த மெஷின்?"

"பேப்பர் அரைக்கிற மெஷின். காலி பண்ணச் சொன்னது நீங்கதானே?"

இடத்தைக் காலி செய்யத்தான் அவள் ஆள் தேடினாள். அகப்பட்டதோ, வேண்டாத காகிதங்களை வாங்கி அரைத்து அடியோடு காலி செய்கிறவர்கள். ஒரே வார்த்தை, அதை இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

"நிறுத்துங்க" என்று அலறினாள். மாடிப்படி எப்படி இறங்கினாள் என்று தெரியாது, ஆட்டோவில் ஏறியபோது ஒரு காலில் செருப்பு இல்லை.

ஆலைச் சுவரோரம் பதினெட்டு மூட்டைகள் இருந்தன. பக்கத்துத் தொட்டியில் சாம்பல் நிறக் கூழ். அதில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். ஒரு எண்கூட அகப்படவில்லை.

மீன் லாரிக்காரர்தான் தரையில் தார்ப்பாய் விரித்து மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து சரிபார்த்தாள். போனது கடற்கரைத் தெரு. முப்பத்தெட்டு வீடு.

அளவைக்காரர் கூப்பிட்டார். "என்னம்மா, எல்லாம் வந்துடுச்சா?"

அவருக்குக் கண்ணில் கட்டு. அந்தத் தெருப் புத்தகத்தை யாராவது கேட்க இன்னும் பத்து வருஷம்கூட ஆகலாம். வந்துவிட்டது என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

"இல்லைங்க. கடற்கரைத் தெரு போச்சு. என் தப்புதான்" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "சாக்கைப் பாத்தப்பவே உங்களுக்குப் பயம் வரலையா?" என்றார்.

"வந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"எனக்கு எப்பவும் வர்றதுதானேன்னு..."

"இருபத்தேழு வருஷமா அந்தப் பயத்தை நம்பித்தாம்மா சாவிய உங்ககிட்ட குடுத்திருக்கேன்."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்துவிட்டு, தெருக்காரர்களிடம் மறைக்க வேண்டாம், விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றார். காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். பொதுச் சுவருக்காகப் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று அவள் அண்ணனுடையது.