முழங்காலுக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம்

முதலிலேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கார் பழசுதான், ஆனால் யாரிடமிருந்தும் கைமாறி வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷோரூமிலிருந்து நானே ஓட்டி வந்தது. அதில் யாரும் சாகவில்லை. அதில் மாட்டிய பனி விளக்குகளும் புத்தம் புதுசு. பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை என் கையால்தான் கிழித்தேன். இதைக் கேட்கிற எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது இந்த இரண்டைத்தான். அதனால் சொன்னேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் எத்தனை மணிக்கு நின்றது என்று முப்பத்தொரு வருஷமாக நோட்டில் எழுதிப் பழகிய கை இது. ஆகவே நேரமெல்லாம் சரியாக இருக்கும். மற்றதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. எனக்கு இப்போது அதில் ஒன்றும் இல்லை.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் ஏழு கிலோமீட்டர் ஏரிக்கரை ரோடு. குளிர்காலத்தில் அங்கே பனி இறங்கினால் காரின் மூக்கே நமக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை அந்தப் பனியில் ஊர்ந்து ஊர்ந்து போய், ஐம்பது நிமிஷம் தாமதம். அடுத்த ஆள் காத்திருந்தார். நாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள்.

அன்று இரவு அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, விடியும்வரை உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். நான் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் எல்லாம் மரத்துப் போயிருந்தது. காலையில் பல் தேய்த்துவிட்டுப் பனி விளக்கு வாங்கக் கிளம்பினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைக்காரர் எடுத்ததும் வெள்ளை எல்.இ.டி.யைக் காட்டினார்.

"சார், இதைப் போட்டீங்கன்னா ராத்திரி பகலாயிடும்."

"பனியில பகலாக்கி என்ன பண்றது? வெள்ளைச் சுவர்தான் தெரியும். மஞ்சளைக் காட்டுங்க."

"பழைய வண்டியா? அப்ப அதிகம் கரன்ட் இழுக்காததா எடுங்க. ரிலே போடாம மாட்டிடாதீங்க."

சுவிட்சு கருகாமல் காக்கும் ரிலேவைப் பற்றி எனக்கே பாடம். சரி, அவர் பிழைப்பு அது என்று விட்டுவிட்டேன்.

ஹெட்லைட் உயரத்திலிருந்து அடிப்பதால் அந்த வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பனி விளக்கு அப்படியில்லை. பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்காரும். வெளிச்சம் அகலமாக, தட்டையாக, தரையை ஒட்டிப் போகும். அதன் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். எதிரே ஆள் நின்றால் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் விளக்கைத் தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. கார் எலக்ட்ரிக் வேலைதான் அவன் தொழில்.

"மாமா, லிஃப்டுக்குப் போடுற மாதிரி இதுக்கும் நாலு பாதுகாப்பு கேக்காதீங்க. ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு சுவிட்சு. போதும்."

"ஹெட்லைட்டை அணைச்சாலும் இது தனியா எரியணும். அதை மட்டும் பாத்துக்கோ."

பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் இழுத்தோம். ஒன்றரை மீட்டர் மிச்சமானது. சுருட்டி ஷெட்டில் ஆணியில் மாட்டினேன்.

மாலை 6:40. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க, சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி காரை நிறுத்தினோம். சுவரில் சாக்பீஸால் கோடு. சுவிட்சைப் போட்டான். வலது பக்கம் சுத்தமாக விழுந்தது. இடது பக்க வெளிச்சத்தின் நடுவில் இரண்டு நிழல்கள். பக்கத்தில் பக்கத்தில், நெட்டுக்குத்தாக. இரண்டு விரலை நட்டு வைத்த மாதிரி.

கண்ணாடியைத் துடைத்தான். நிழல் போகவில்லை. பம்பரைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. விளக்கில்தான் கோளாறு என்று இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினோம். அதற்கு இருபது நிமிஷம் ஆனது.

நிழல் இடது பக்கமே இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டான். காணோம்.

"லூஸ் கனெக்‌ஷன் போல, மாமா."

"நிழலுக்கு ஏதுடா லூஸ் கனெக்‌ஷன்?"

அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மனைவி வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மச்சினன் சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினான்.

செவ்வாய்க்கிழமை. 4:50க்குப் புறப்பட்டோம். 5:12க்கு ஏரிக்கரை ரோடு. நல்ல பனி. ஹெட்லைட்டை அணைத்துப் புது விளக்கைப் போட்டேன். மஞ்சள் பாய் விரித்தது மாதிரி ரோடு தெரிந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. மணிக்கு இருபது கிலோமீட்டரில் தைரியமாகப் போனேன்.

5:14. ரோட்டின் இடது ஓரத்தில் இரண்டு கால்கள்.

முழங்காலுக்குக் கீழே மட்டும். எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தன. யாரோ காலையில் நடக்கிறார்கள் என்று நினைத்து வலது பக்கம் ஒதுங்கினேன், தாண்டிப் போவதற்காக.

தாண்ட முடியவில்லை.

கால்கள் மெதுவாகத்தான் நடந்தன. கார் இருபதில் போகிறது. ஆனாலும் எங்களுக்கு நடுவே அதே பதினைந்து அடி. இருபத்தைந்தாக்கினேன். அதே பதினைந்து அடி. 5:31க்குப் பனி விலகியது. ரோடு காலியாக இருந்தது.

"நீ பாத்தியா?" என்றேன்.

"எதை?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றாள். நான் பாதியில் விட்ட கேள்விக்கு அந்தப் பதில்.

வியாழன். 5:15. மறுபடியும் கால்கள். இந்தத் தடவை செருப்பைக் கவனித்தேன். பச்சை ரப்பர் செருப்பு. இடது செருப்பின் வார் தனியாக ஆடியது. கண்ணாடியெல்லாம் மூடியிருந்தும் சத்தம் கேட்டது.

சப்... சப்... சப்...

என் மனைவிக்கு இடது கால் வீங்கும். வார் இறுக்குகிறது என்று சொன்னதால் நான்தான் வயர் வெட்டும் கட்டரால் அதை ஒரு பக்கம் வெட்டிவிட்டிருந்தேன். பச்சை ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். அவள் காலில்தான் இருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அவளிடம் இருந்ததே கொஞ்சம் தெம்பு. அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

ஆனால் எனக்கு யாரென்று பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேலே பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஸ்பேனரை எடுத்து, இடது விளக்கின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, மேலே தூக்கி முறுக்கினேன். செய்யக் கூடாத வேலை. வெளிச்சம் உயர்ந்தால் பனி அதைத் திருப்பி அடிக்கும், ரோடு மறையும். தெரிந்தேதான் செய்தேன். நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள்.

"அதைத் தூக்காதீங்க."

"ஏன்?"

"உங்க மச்சான், போட்டது போட்டபடி இருக்கட்டும்னு சொல்லியிருப்பான்ல." தம்பியை அவள் 'உங்க மச்சான்' என்றுதான் என்னிடம் சொல்வாள். அன்று குரலில் அந்தக் கேலி இல்லை. "கால் தெரிஞ்சாப் போதும்ங்க. மேல பாக்க வேணாம்."

கால் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

சனி. 5:16. முழங்காலுக்கு மேலே தெரிந்தது. சாம்பல் நிறத் துணி. தொங்கும் கை. கையில் பழுப்பு ஃபைல், ஆஸ்பத்திரி ஃபைல். பக்கத்தில் பார்த்தேன். அதே ஃபைல் அவள் மடியில். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பாதி ரோடு வெள்ளையாக மறைந்தது. கார் ஒரு மைல்கல்லை உரசப் பார்த்தது. அப்படியும் திங்கட்கிழமை இன்னொரு அரைச் சுற்று தூக்கினேன். எந்த மடையன் செய்வான்? நான் செய்தேன்.

செவ்வாய். 5:13.

கால்கள்.

ஃபைல்.

முழங்கை.

தோள் தெரியப்போகிற நேரம்...

5:26. கால்கள் நின்றன.

பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. முதல் தடவையாக அந்தக் கால்கள் நடக்கவில்லை.

செருப்பு மெதுவாகத் திரும்பியது.

சப்.

இப்போது குதிகால் இல்லை. விரல்கள். எங்களைப் பார்த்து.

என் கைமேல் அவள் கை வந்து விழுந்தது. சில்லென்று இருந்தது.

"லைட்டை அணைங்க."

அணைத்தேன்.

இருட்டு... பனி... இன்ஜின் சத்தம் மட்டும்.

கார் ஓரமாக ஏதோ போனது. என் பக்கம் இல்லை. அவள் பக்கம்.

சப்... சப்... சப்...

"இப்ப போடுங்க" என்றாள்.

ரோடு காலியாக இருந்தது.

5:54க்கு ஆஸ்பத்திரி. சரியான நேரம். அவளைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவள் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "பாத்துப் போங்க" என்றாள்.

8:25க்கு மெஷினில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. 8:50க்கு எல்லாம் முடிந்தது. ஒரு பிளாஸ்டிக் பையில் பச்சைச் செருப்பையும் பழுப்பு ஃபைலையும் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

அழவில்லை. மச்சினன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இதுவரை சொன்னதற்கு யாரும் ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். தூக்கம் இல்லாத கண், பனி, மனசு... நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் கழித்து, கடைசிச் சான்றிதழ் வாங்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. காலை 7:50. ஷெட்டில் உட்கார்ந்து ஷூ போட்டேன். வேலைக்குப் போடுகிற பிரவுன் ஷூ. இழுத்துக் கட்டும்போது இடது லேஸ் பட்டென்று அறுந்தது. தேட எனக்குத் தெம்பில்லை. ஆணியில் தொங்கிய மிச்ச வயர் கைக்கு எட்டியது. அதில் ஒரு துண்டு வெட்டி, கோத்து முடிச்சுப் போட்டேன்.

பகல் வெளிச்சத்தில் போனேன். ஒன்றும் தெரியவில்லை.

டயாலிசிஸ் வார்டில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். சான்றிதழைக் கொடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. நான்தான் அன்னிக்கே சொல்லல."

"சொல்லும்மா."

"அந்தக் கடைசி ஒரு வாரம் ஒரே பேச்சு சார். 'வழியெல்லாம் அவரு முன்னாடி நடந்து போறாரு. வண்டியையும் அவரேதான் ஓட்டுறாரு. அவர்கிட்ட சொன்னா பயந்துடுவாரு'ன்னு. அசதியில ஏதோ பேசுறாங்கன்னு நினைச்சேன்."

"என்னையா பாத்தா?"

"உங்க காலைத்தான் சார். உங்க ஷூன்னு சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே ஜோடிக் காலைத்தான் பார்த்திருக்கிறோம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். அவளைப் பயமுறுத்தக் கூடாதென்று நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பயமுறுத்தக் கூடாதென்று அவளும்.

நர்ஸ் லேசாகச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"கடைசி நாள் ஊசி போடும்போதுகூட சொன்னாங்க. 'மனுஷன் லேஸ் அறுந்து போய், இடது ஷூவுல சிவப்பு வயரைக் கட்டிக்கிட்டு நடக்குறாரு. நான் இல்லேன்னா அவரா வாங்க மாட்டாரு. புது லேஸ் வாங்கிக்கச் சொல்லு'ன்னு..."

கவுன்டர் மறைத்துக்கொண்டிருந்தது. என் காலை அவளால் பார்க்க முடியாது.

நான் குனிந்து பார்த்தேன்.

காலை 9:20.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆகிறது. விளக்குகள் காரில்தான் இருக்கின்றன. லேஸ் விற்கும் கடை எங்கள் தெருமுனையில்தான். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இன்னும் வாங்கவில்லை.