அண்ணனின் இடது கால்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். களைத்துப்போனவளின் எழுத்து இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஓசூரை அடுத்த தளிக்குப் பக்கத்தில். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாவது, நான் மூன்றாவது. அதோடு அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறருக்கு வண்டி ஓட்டினார், பிறகு சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வாங்கினார். முட்டைக்கோசும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்ததுதான் அவர் வாழ்க்கை. விவசாயிகளிடம் கன்னடம், புரோக்கரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்றிலும் கோபப்படத் தெரியாதவர். தெரிந்திருந்தால் எனக்குச் சில விஷயங்கள் சுலபமாக இருந்திருக்கும்.

என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். ஓசூரில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, கோஸ் மூட்டை இறக்கிய வண்டியிலேயே கொண்டுபோய் கேட்டில் விட்டார். அன்று முதல் யாரைப் பார்த்தாலும் கியர் ராடைத் தட்டி, "இது எங்க பாப்பா போட்ட பாக்ஸு" என்பார். நாற்பது தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான். உண்மையில் அந்த வண்டி நான் வேலையில் சேர்வதற்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் திருத்தவில்லை.

பெங்களூர் போகும் வழியில், அத்திப்பள்ளியில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கிளட்சை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேல் மிதித்த இடது முழங்கால் வீங்கிவிட்டது. அண்ணி தினமும் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி அனுப்புவார். "கிளட்ச் மிதிக்கிறதை விடுங்க, இல்லேன்னா வண்டியை விடுங்க" என்றார் டாக்டர்.

அப்போதுதான் கிளட்ச் இல்லாத பிக்கப்புகள் ரோட்டில் தலைகாட்டின. அண்ணன் ஷோரூமுக்குப் போய் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி அப்படியே நிற்க, என் நெற்றி முன்னால் இடித்தது. அண்ணன் சிரித்தார்.

"இந்தக் காலு செக்குமாடு, பாப்பா. அவுத்து உட்டாலும் சுத்துது."

திரும்பி வரும்போது கேட்டார்: "நீ உள்ள வேலை செய்யறவ. நீ சொன்னா செரி. வாங்கலாமா?"

கம்பெனியில் எங்கள் கியர்பாக்ஸ் லைன் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. கையால் கியர் போடும் வண்டிக்கு ஆர்டர் குறைகிறது என்று சூப்பர்வைசர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் தவறிய பிறகு நானும் மகளும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். எல்லோரும் அந்த வண்டிக்கு மாறிவிட்டால் என் வேலை என்னாகும் என்று பயந்தேன். "வேணாம்ணா. அது தளி மேட்டுல இழுக்காது. ரிப்பேர்னா பார்க்க ஆளும் இல்ல" என்றேன். இழுக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் கிளட்சை மிதித்து கியரை மாற்றினார். "செரி, உடு" என்றார். மறுநாள் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு லோடுக்குப் போனார்.

எட்டு மாதத்தில் எங்கள் லைனை மூடிவிட்டு என்னை பேக்கிங்கில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அண்ணன், "அழுவாத பாப்பா. நான் ஒருத்தன் வாங்காம இருந்தா உன் லைனு தப்பிச்சுக்கும்னு நானும்தான் நெனச்சேன்" என்றார்.

நான் சொன்னது பொய் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மிதித்திருக்கிறார்.

இதை இங்கே எழுதலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "எழுது. உங்கண்ணன் இருந்தா சிரிச்சிருப்பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். பாகலூருக்கு லோடு ஏற்றப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஓரம் கட்டி, கூட்டாளி டிரைவருக்கு போன் செய்தார். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு ஒழுங்காக நின்றிருந்ததாம்.

ஓடி வந்து அவரைத் தூக்கிய அந்த டிரைவருக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்துத் தோட்டத்து வீட்டாருக்கும், அன்று வியாபாரத்தை நிறுத்திவிட்டு வந்த மண்டிக்காரர்களுக்கும், கடைசிவரை அந்தக் காலைப் பிடித்துவிட்ட அண்ணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

போன மாதம் அண்ணன் மகன் கிளட்ச் இல்லாத பிக்கப் வாங்கினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தளி மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது.

"அத்தை, இந்த எடது காலை என்ன பண்றது?" என்று கேட்டான்.

"சும்மா வெச்சுக்கப்பா" என்றேன். அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.