மைக்குறியும் திருநீறும்

சாப்பிட்டால் முதுகு வலிக்கிறது என்று அப்பா சொன்னபோது, திருவிழாவில் சுவாமி தூக்கிய பிடிப்பென்று எண்ணெய் பூசினோம். உங்கள் வீட்டிலும் பூசிக்கொண்டிருந்தால், போத்தலை மூடிவிட்டு டொக்டரிடம் போங்கள்.

அப்பா நயினாதீவில் அர்ச்சகர். அவருக்குக் கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும், செரிமான நீர் சுரக்கும் உறுப்பு) புற்றுநோய். கட்டி பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. வெட்டியெடுக்க ஏலாது என்றார்கள்.

அந்த ‘ஏலாது’ எனக்குப் பிடிக்கவில்லை. விஞ்ஞானம் படித்தது வேறெதற்கு? தேடித் தேடி மின்னஞ்சல் அனுப்பினேன். கொழும்பில் ஓர் ஆய்வில் இடம் கிடைத்தது. கட்டியை மட்டும் குறிவைத்து, ஐந்தே தடவைகளில், கூடிய அளவு கதிர் பாய்ச்சுவார்கள். பலன் உண்டா என்று பார்ப்பதற்கே ஆய்வு. யாரும் வாக்குத் தரவில்லை.

உடம்பைத் துல்லியமாகக் கிடத்துவதற்கு வயிற்றில் மையால் குறிகள் இட்டார்கள். முதல்நாள் சிகிச்சைக்கு அப்பா சட்டையைக் கழற்றினார். குறிகளைக் காணவில்லை. மூன்று பட்டையாகத் திருநீறு இருந்தது.

“ஐயா, குறி எங்க?” என்றார் டொக்டர்.

“குளிச்சிட்டுத் திருநீறு பூசினனான்.”

“தேய்ச்சனீங்களோ?”

“தேய்க்காமலும் ஒரு குளிப்போ?”

டொக்டர் சிரிக்கவில்லை. மீண்டும் ஸ்கான் எடுத்துக் குறியிட வேண்டும். அந்தக் கிழமைக்குள், வாரம் முடியுமுன், தொடங்காவிட்டால் ஆய்வில் இடமில்லை. “இன்னொருக்கா அழிஞ்சால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது, பிள்ளை,” என்றார் என்னிடம்.

தங்கியிருந்த அறைக்கு வந்ததும் வெடித்தேன். “உங்களுக்கு வாழ விருப்பமில்லையோ, அப்பா?”

“விருப்பமில்லாமலோ வள்ளமும் பஸ்ஸும் ஏறி வந்தனான்? திருநீறில்லாமல் அந்த மெசினில படுத்தால், படுக்கிறது நானில்லை.”

“அப்ப குறியைத் தொடாமல் பூசுங்கோ.”



புதிய குறிகள் இட்ட மறுநாள் காலை, கண்ணாடிமுன் நின்று ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தார். பிறகு பட்டை இழுத்தார். குறி வந்த இடங்களில் விரல்களைத் தூக்கி, தாண்டி வைத்தார். சிகிச்சையறையில் அதைப் பார்த்த டொக்டர் இம்முறை சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொடங்கினோம்.

ஐந்தும் முடிந்தபின் எடுத்த ஸ்கானில் கட்டி வளரவில்லை. “சுருங்கினதோ?” என்று டொக்டரிடம் கேட்டேன். “வளரேல்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.”

அவ்வளவும் எங்களுக்குப் போதும். முன்பு கொடியேற்றத்திலிருந்து கொடியேற்றத்துக்கு ஓடிய எங்கள் வருடம், இப்போது ஸ்கானிலிருந்து ஸ்கானுக்கு ஓடுகிறது. அப்பா விரைவில் களைக்கிறார். ஆனால் காலைப் பூசையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மை எப்போதோ அழிந்துவிட்டது. திருநீற்றுப் பட்டைகள் மட்டும் அந்த இடங்களில் இன்னும் அறுந்தே நிற்கின்றன. போன கிழமை கோயிலில் ஒருவர் கேட்டார்: “ஐயா, இடையில பூச மறந்திட்டியளோ?”

“மறக்கேல்லை, விட்டு வைச்சிருக்கிறன். கட்டி திரும்ப வளர்ந்தால், கதிர் எங்க அடிக்கிறதெண்டு டொக்டருக்குத் தெரிய வேணுமே.”