மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

போன வாரம் எங்கள் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டோம். வாங்க வந்தவர் ஒரு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றியதும், தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. அப்புறம் எனக்கு வேலை எங்கே ஓடும்? மனசு திருச்செங்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரரான மாமா ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனவர். ஞாயிறு சாயங்காலம் அங்கே ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கேமராவில் முகம் காட்டுவார். அதற்காகவே அக்கா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் ரிக்கிலிருந்து அரிவாள்மணை வரை பொட்டு வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அந்த வருஷம் சிபியுவை மட்டும் விட அக்காவுக்கு மனசு வரவில்லை. மாவிலையால் தாராளமாகவே தெளித்துவிட்டாள். மறுநாள் ஞாயிறு. சுவிட்சைப் போட்டால் பேச்சு மூச்சில்லை.

“பேசறதுக்குப் போன் இருக்குது சாமி. மூஞ்சியப் பாக்கறதுக்கு இதுதானே?” பூஜைக்கு வந்திருந்த என்னிடம் அக்கா அழாத குறைதான்.

நான் சேலத்தில் ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்த புதிது. அரை வைத்தியன்கூட இல்லை, கால் வைத்தியன். ஒயரைப் பிடுங்கி, மிச்சக் கரண்டு இறங்கச் சுவிட்சை அமுக்கிப் பிடித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பு மின்சாரத்தையும் இறக்கிவிட்டு உள்ளே கை வைத்தேன். உள்ளே உலோகம் உரசக் கூடாதென்று, உதவிக்கு உட்கார்ந்த அக்காவை வளையலைக் கழற்றச் சொன்னேன். தாலிக்கொடியைச் சொல்ல வாய் வரவில்லை. அவளே அதை முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“இந்தப் பொட்டி?”

“பவர் சப்ளை. அதத் தொறக்கக் கூடாதுக்கா. ஒயரப் புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்கும்.”

ராம் என்கிற மெமரி அட்டையில் மஞ்சள் திட்டு. ரப்பரால் தேய்த்தோம். எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து, சாயங்காலம் மாட்டினோம். ஒரு ஸ்குரூ மிச்சமானது. ஆனாலும் ஓடியது. சொன்ன நேரத்துக்கு மாமா திரையில் வந்தார்.

“என்னம்மணி, மூஞ்சி வாடிக் கெடக்குது?”

“கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டனுங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் படம் அப்படியே உறைந்து நின்றது. லைன் போய்விட்டது.

தீபாவளிக்கு வருகிறேன் என்றவர் உயிரோடு வரவில்லை. போர்வெல் குழாய் அவர் மேல் சரிந்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுத்தாள்.

“அவரு பேசுனதெல்லாம் இதுக்குள்ள இருக்குமல்லோ? தொறந்து பாரு சாமி.”

அந்தக் காலத்தில் பேசியது பேசியதோடு சரி, எதையும் யாரும் பதிந்து வைப்பதில்லை. அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெறும் தகரம் மிஞ்சும்வரை அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள்.